காத்திருப்பின் பொறுப்பு: கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் மருத்துவ அறம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் எழும் அறச்சிக்கல்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரே கேள்வி முன்னால் வந்து நிற்கிறது: தாயா, சிசுவா? பட்டிமன்றத்துக்கு அது நல்ல கேள்வி. மகப்பேறு வார்டில், முதல் மூன்று நான்கு மாதங்களில், அது அதே வடிவில் எழுவது அரிது. அந்தக் கட்டத்தில் தாயின் உடலுக்கு வெளியே கருவுக்கு வாழ்வில்லை. தாய் இறந்தால் அதுவும் இறக்கும். அங்கே உண்மையில் எழும் கேள்வி வேறு: இப்போதே சிகிச்சை செய்வதா, பொறுத்திருந்து பார்ப்பதா? பொறுத்திருந்தால் அதனால் வரும் ஆபத்து யார் தலையில் விழும்? காத்திருப்பதை ‘ஒன்றும் செய்யாமல் இருப்பது’ என்று எண்ணிக்கொள்வதுதான் நம் தவறுகள் பலவற்றுக்கும் வேர் என்பதே இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து. காத்திருப்பதும் ஒரு மருத்துவ முடிவு. மருந்துக்கும் அறுவைக்கும் என்ன காரணம் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோமோ, அதே அளவு காரணம் அதற்கும் சொல்ல வேண்டும். காத்திருந்தால் உண்மை தெளிவாகும், ஆபத்து கூடாது என்றால் காத்திருப்பதே அறம். ஆபத்து மட்டும் ஏறிக்கொண்டே போகும், கருவுக்கு எந்த நன்மையும் வராது என்றால் காத்திருப்பது அறமாகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் விழும் முடிவுகள், அந்த ஆபத்தை உடம்பில் சுமக்கும் பெண்ணுக்கு உரியவை.

முதலில் கருக்குழாய் கர்ப்பத்தை எடுத்துக்கொள்வோம். நூறு கர்ப்பங்களில் ஒன்று அல்லது இரண்டில் கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கிவிடுகிறது. அப்படித் தங்குவதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கருக்குழாயில்தான். கர்ப்பப்பையைப் போல விரிந்து கொடுக்கும் உறுப்பு அல்ல அது. கரு வளர வளர குழாயின் சுவர் அரிக்கப்பட்டு, ஒரு நாள் வெடிக்கிறது. நாள் தள்ளிப்போய் ஆறாவது, எட்டாவது வாரத்தில் ஒருபக்க அடிவயிற்று வலி, கொஞ்சமாக உதிரம் படுதல், எழுந்து நின்றால் கண் இருட்டுதல், சில சமயம் தோள்பட்டையில் வலி என்று அந்தப் பெண் வந்து சேர்கிறாள். வயிற்றுக்குள் கசிந்த இரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அந்தத் தோள் வலி. வாயு பிடித்திருக்கிறது என்று வீட்டில் தைலம் தேய்த்துவிட்டுப் படுக்க வைக்கக்கூடிய வலியும் அதுதான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் நேரும் தாய் இறப்புகளுக்கு முதன்மையான காரணம் இந்தக் கருக்குழாய் கர்ப்பமே. 1883இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் லாசன் டெய்ட் என்ற அறுவை மருத்துவர், வெடித்த கருக்குழாயை அகற்றி ஒரு பெண்ணைப் பிழைக்க வைத்தார். அதற்கு முன் இந்த நிலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள்.

சிகிச்சை வந்த பிறகும் தயக்கம் தீரவில்லை. 1902இல் கத்தோலிக்கத் திருச்சபையின் புனித அலுவலகம், வளர்ச்சி முற்றாத கருவைக் குழாயிலிருந்து அகற்றுவதற்கு அனுமதி மறுத்தது. 1933இல் லிங்கன் பௌஸ்கேரன் என்ற அமெரிக்க இயேசுசபைக் குரு ஒரு வழி கண்டார்: நோயுற்ற உறுப்பாகிய குழாயை அகற்றலாம், கருவின் இறப்பு முன்கூட்டியே தெரிந்த விளைவுதானே தவிர, நோக்கம் அல்ல. இரட்டை விளைவுக் கொள்கை என்று இதைச் சொல்வார்கள். இந்த வாதம் எத்தனையோ பெண்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதன் நல்லெண்ணத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் இன்று, குழாய் வெடிப்பதற்கு முன்பே கண்டுபிடித்தால், மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போட்டு, பீட்டா ஹெச்சிஜி என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவு இறங்குகிறதா என்று நான்காம் நாளும் ஏழாம் நாளும் இரத்தம் பார்த்து, குழாயை அப்படியே காப்பாற்ற முடியும். மருந்து நேரடியாகக் கருவின் மேல் செயல்படுவதால் அது கூடாது, குழாயை வெட்டி எடுப்பது மட்டும் சரி என்று இன்னும் வாதிடுவோர் உண்டு. இரண்டிலும் கரு பிழைக்கப்போவதில்லை. ஒன்றில் பெண் ஓர் உறுப்பை இழக்கிறாள், மற்றொன்றில் இழக்காமல் இருக்கக்கூடும். செய்பவரின் மனத்தூய்மைக்காகப் பெண்ணின் உறுப்பை விலையாகக் கேட்கும் விதி, அறத்தின் கவனத்தை நோயாளியிடமிருந்து மருத்துவரிடம் திருப்பிவிடுகிறது. அது தவறான திருப்பம்.

இதிலிருந்து, விரைந்து செய்வதே எப்போதும் சரி என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. அவசரம் செய்த கேடும் ஆவணங்களில் இருக்கிறது. ஸ்கேனில் கருவின் நீளம் 5 மில்லிமீட்டரைத் தாண்டியும் இதயத்துடிப்பு தெரியவில்லை என்றால் கரு இறந்துவிட்டது என்று முடிவு கட்டும் வழக்கம் பல காலம் இருந்தது. அந்த அளவுகோலை நம்பினால் உயிருள்ள கருவையும் இறந்ததாக அறிவித்துவிட நேரும் என்பதை 2011இல் வெளியான ஆய்வுகள் காட்டின. பிரிட்டனில் உடனே வழிகாட்டுதல் மாறியது. 2013க்குள் அமெரிக்க நிபுணர்களும் அளவை உயர்த்தினார்கள். கருவின் நீளம் 7 மில்லிமீட்டர் அல்லது அதற்கு மேல் இருந்தும் துடிப்பு இல்லை, அல்லது கர்ப்பப்பைக்குள் கரு வளரும் நீர்ப்பையின் சராசரி விட்டம் 25 மில்லிமீட்டர் ஆகியும் உள்ளே கரு இல்லை என்றால் மட்டுமே ‘கர்ப்பம் நிலைக்கவில்லை’ என்று சொல்லலாம். அதற்குக் குறைந்தால் ஒரு வாரமோ இரண்டு வாரமோ கழித்து மறுபடி ஸ்கேன். மாதவிடாய்த் தேதி சரியாக நினைவில்லாத பெண்களும், சுழற்சி முன்பின்னாக வருபவர்களும் நம்மிடையே ஏராளம். கருத்தரித்ததே பத்து நாள் பிந்தியிருக்கலாம். கர்ப்பம் எங்கே இருக்கிறது என்றே தெரியாத நிலையில், இரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து மெத்தோட்ரெக்ஸேட் போட்டு, பிறகு கர்ப்பப்பைக்குள்ளேயே நல்ல கரு இருப்பது தெரியவந்தால் அந்தக் கேட்டைத் திருத்த முடியாது. பெண்ணின் நாடியும் இரத்த அழுத்தமும் சீராக இருக்கும்போது 48 மணி நேரம் பொறுத்து மறுபடி ஹார்மோன் அளவு பார்ப்பதில் அவளுக்குப் பெரிய ஆபத்து இல்லை. கிடைப்பதோ தெளிவு. இங்கே காத்திருப்பதுதான் சிகிச்சை. ஆனால் என்னென்ன அறிகுறி வந்தால் நள்ளிரவானாலும் ஓடி வர வேண்டும் என்று அவளிடம் சொல்லி, தொலைபேசி எண்ணையும் கொடுத்து அனுப்பினால்தான் அது சிகிச்சை. வெறுமனே ‘அடுத்த வாரம் வாம்மா’ என்பது சிகிச்சை ஆகாது.

காத்திருப்பின் மறுபக்கத்தை உலகுக்குக் காட்டியது அயர்லாந்தின் கால்வே நகரம். கர்நாடகத்தின் பெலகாவியைச் சேர்ந்த பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 31 வயது, 17 வார கர்ப்பிணி. 2012 அக்டோபர் 21 அன்று கால்வே பல்கலைக்கழக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். கருச்சிதைவு தவிர்க்க முடியாதது என்பது தெரிந்தது. மறுநாள் விடியுமுன்பே பனிக்குடம் உடைந்தது. 23ஆம் தேதி அவரும் கணவரும் கர்ப்பத்தை முடித்துத் தரும்படி கேட்டார்கள். கருவின் இதயத்துடிப்பு இன்னும் இருந்ததால் மறுக்கப்பட்டது. அந்த நாட்டு அரசியலமைப்பின் எட்டாவது திருத்தம் 1983 முதல் தாயின் உயிருரிமையையும் பிறவாத சிசுவின் உயிருரிமையையும் சமமாக வைத்திருந்தது. தாயின் உயிருக்கு உண்மையான, கணிசமான ஆபத்து இருந்தால் மட்டுமே கர்ப்பத்தை முடிக்கலாம் என்பது அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 1992ஆம் ஆண்டுத் தீர்ப்பின் நிலை. சேர்க்கப்பட்ட அன்றே எடுத்த இரத்தப் பரிசோதனையில் வெள்ளையணுக்கள் கூடியிருந்தன. அந்த முடிவை யாரும் உரிய நேரத்தில் தொடர்ந்து கவனிக்கவில்லை. 24ஆம் தேதி துடிப்பு நின்று, சிசு தானே வெளியேறியது. அதற்குள் கிருமித்தொற்று இரத்தத்தில் பரவியிருந்தது. 28ஆம் தேதி சவிதா இறந்தார்.

அயர்லாந்தின் சுகாதாரத்துறை அமைத்த விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கைத் தமிழரான மகப்பேறு மருத்துவப் பேராசிரியர் சர் சபாரத்தினம் அருள்குமரன். 2013 ஜூனில் வெளியான அவரது அறிக்கை மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஒன்று. நோயாளியைக் கண்காணித்ததில் குறை, பனிக்குடம் உடைந்து நேரம் ஆக ஆக ஆபத்து ஏறிய நிலையிலும் எல்லாச் சிகிச்சை வழிகளையும் அவர் முன் வைக்காதது, கிருமித்தொற்றுக்கான நெறிமுறையைப் பின்பற்றாதது ஆகிய மூன்றையும் காரணங்களாக அது அடையாளம் கண்டது. துடிப்பு நிற்கும்வரை தலையிடக் கூடாது என்பதில் அளவுக்கு மீறிய கவனமும், தொற்று வருகிறதா என்பதில் அளவுக்குக் குறைந்த கவனமும் இருந்தன என்று அது சுட்டியது. நான் சொல்லவரும் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. ஆபத்து வந்த பிறகே தலையிடலாம் என்ற விதி, ஆபத்து வரட்டும் என்று காத்திருக்கச் சொல்லும் விதியாக மாறிவிடுகிறது. அந்தக் காத்திருப்பால் கருவுக்கு ஒரு மணி நேர எதிர்காலம்கூடக் கூடவில்லை. 2018 மே மாதம் அயர்லாந்து மக்கள் வாக்கெடுப்பில் 66 சதவீதத்துக்கு மேற்பட்டோர் அந்தத் திருத்தத்தை நீக்க வாக்களித்தார்கள்.

மூன்றாவது வகைச் சிக்கல் நோயுற்ற கர்ப்பிணிக்கு மருந்து கொடுப்பது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு, 1961 நவம்பரில் திரும்பப் பெறப்படுவதற்குள் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகளை ஊனத்தோடு பிறக்கச் செய்தது. அது விதைத்த அச்சம் நியாயமானது. ஆனால் அதன் நிழலில், கர்ப்பிணிக்கு எந்த மருந்தும் கொடுக்காமல் இருப்பதே பாதுகாப்பு என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. காசநோய்க்கு ஐசோநயாசிட், ரிஃபாம்பிசின், எத்தாம்புட்டால் ஆகியவற்றைக் கர்ப்ப காலத்தில் கொடுக்கலாம். சிசுவின் செவித்திறனைக் கெடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசினைத்தான் தவிர்க்க வேண்டும். கர்ப்பம் என்று தெரிந்ததும் மாத்திரையை நிறுத்திவிட்டால் கெடுவது தாயும் கருவும் இருவருமே. வலிப்பு நோய்க்கான வால்ப்ரோயேட் கருவுக்கு உண்மையிலேயே தீங்கானது. அதை எடுத்த தாய்மாருக்குப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்றுக்குப் பிறவிக் குறை ஏற்படுகிறது. ஆனாலும் அதைத் திடீரென நிறுத்தினால் வரும் தொடர் வலிப்பு தாயைக் கொல்லக்கூடும். மருந்தை மாற்ற வேண்டிய காலம் கர்ப்பத்துக்கு முன்பே. நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிட்டோமே என்ற பயத்தில் விரும்பிய கர்ப்பத்தையே கலைக்கக் கேட்டு வரும் தம்பதியருக்குச் சொல்ல வேண்டிய உண்மை ஒன்று உண்டு: 50 மில்லிகிரேக்குக் குறைந்த கதிர்வீச்சு கருவில் ஊனம் உண்டாக்குவதாகத் தெரியவில்லை, நெஞ்சு எக்ஸ்ரேயில் கருவுக்குச் சேருவது அதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

புற்றுநோயிலும் காலமே கணக்கு. எட்டாவது வாரத்தில் மார்பகப் புற்றுநோய் தெரியவந்தால், கர்ப்பத்தைக் கலைத்தே தீர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடக் கூடாது. அறுவை சிகிச்சையை அப்போதே செய்யலாம். கருவின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதம் கடந்த பிறகு கீமோதெரபி மருந்துகளில் பலவற்றைக் கொடுக்க முடியும். அதே எட்டாவது வாரத்தில் கடுமையான இரத்தப் புற்றுநோய் என்றால் வாரக்கணக்கில் தள்ளிப்போட இயலாது. நோய் வேறு, காலம் வேறு, அறிவுரையும் வேறு. கட்டியின் தன்மை, காத்திருக்கும் ஒவ்வொரு வாரத்தின் விலை, மாற்று வழிகள் எல்லாவற்றையும் அவள் மொழியில் சொன்ன பிறகு, ‘இந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டு கர்ப்பத்தைத் தொடர்கிறேன்’ என்று ஒரு பெண் சொன்னால், அதையும் மதித்து அவளோடு நிற்க வேண்டும். கர்ப்பத்தை முடிக்கக் கேட்பவளை மட்டும் காக்கும் கொள்கை அல்ல இது. ‘வேண்டும்’ என்பவளையும் இது சமமாகக் காக்கிறது.

நம் நாட்டுச் சட்டம் இதில் அயர்லாந்தின் பழைய சட்டத்தைவிடத் தெளிவானது. 1971ஆம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம், 2021 திருத்தத்துக்குப் பிறகு, 20 வாரம்வரை பதிவு பெற்ற ஒரு மருத்துவரின் கருத்தே போதும் என்கிறது. உயிரைக் காப்பது உடனடித் தேவையானால் வாரக் கணக்கே கிடையாது. 18 வயது நிரம்பிய, மனநலம் குன்றாத பெண்ணின் ஒப்புதல் மட்டுமே தேவை. கணவரின் கையெழுத்தைச் சட்டம் எங்கும் கேட்கவில்லை. நடைமுறையிலோ, ‘அட்டெண்டர் யார், வீட்டுக்காரர் எங்கே’ என்று கேட்டுப் படிவம் மேசையிலேயே கிடக்கிறது. வெளியூரில் வேலை பார்க்கும் கணவர் வரும்வரை நாள் ஓடுகிறது. 2008இல் சமீரா கோஹ்லி வழக்கில் உச்ச நீதிமன்றம், நோயாளி மயக்கத்தில் இருந்தபோது தாயிடம் வாங்கிய ஒப்புதல் நோயாளியின் ஒப்புதலாகாது என்று தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பர் 29ஆம் தேதித் தீர்ப்பில், மணமாகாதவர் என்பதற்காக, சில வகைப் பெண்களுக்கு 24 வாரம்வரை நீளும் வரம்பின் பயனை மறுக்கக் கூடாது என்றது. 18 வயதுக்குக் குறைந்த சிறுமி வந்தால் போக்சோ சட்டப்படி தகவல் தெரிவித்தே ஆக வேண்டும். ஆனால் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் அந்தத் தகவலில் பெயரையும் அடையாளத்தையும் சொல்ல வேண்டியதில்லை என்றும் அதே தீர்ப்பு தெளிவுபடுத்தியது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து திருப்பி அனுப்பப்படும் சிறுமி எங்கே போவாள் என்பது நம் எல்லோருக்கும் தெரியும்.

இந்த வாதத்துக்கு எழும் மறுப்புகள் கனமானவை. முதலாவது, கருவும் உயிர்தானே, அதற்கு மதிப்பில்லையா என்பது. மதிப்பு உண்டு. அதனால்தான் 7 மில்லிமீட்டர் கணக்கு, 48 மணி நேரப் பொறுமை, ஆதாரமில்லாத எக்ஸ்ரே பயத்தை நீக்கும் கடமை எல்லாவற்றையும் வற்புறுத்துகிறேன். ஆனால் உயிர் எப்போது தொடங்குகிறது என்ற கேள்விக்கு விடை கண்ட பிறகே சிகிச்சை செய்ய வேண்டும் என்றால் எந்தப் பெண்ணும் பிழைக்க மாட்டாள். கருக்குழாய் கர்ப்பத்திலும் கால்வே நிகழ்விலும் காத்திருப்பு கருவுக்கு எதையும் தரவில்லை. கருவுக்கு ஏதாவது கிடைக்கக்கூடிய இடங்களில், அதற்கான விலை இன்னொருவரின் உடலிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த விலையை அவள் மனமுவந்து கொடுத்தால் தியாகம். கேட்காமல் எடுத்துக்கொண்டால் அநீதி.

இரண்டாவது, மருத்துவரின் மனசாட்சி. மனசாட்சிக்கு ஒவ்வாததைச் செய்யும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்துவது நல்லதல்ல என்பதை ஏற்கிறேன். பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுச் சட்டம் அந்த உரிமையை வெளிப்படையாகவே தருகிறது. ஆனால் பெண்ணின் உயிரையோ, அவள் உடலுக்கு நிரந்தரமான கடும் கேடு வராமலோ காக்க வேண்டிய நிலையில் அது பொருந்தாது என்றும் சொல்கிறது. எல்லை அங்கேதான் இருக்க வேண்டும். விலகி நிற்கும் மருத்துவர், அன்றே, வேறொரு மருத்துவரிடம் நோயாளியை ஒப்படைக்க வேண்டும். மறைத்தலும் தாமதித்தலும் மனசாட்சியின் உரிமைகள் அல்ல. மூன்றாவது, பெண் சிசுக்கொலையின் கறை படிந்த மண்ணில் பெண்ணின் முடிவை இப்படி நம்பலாமா என்பது. அந்தக் கறையை நானும் மறக்கவில்லை. பாலினத் தேர்வைத் தடுக்க 1994ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதைக் கறாராக நடைமுறைப்படுத்த வேண்டும். ஆனால் ஏழாவது எட்டாவது வாரத்தில் ஸ்கேனில் பாலினம் தெரியாது. அந்த நிலையில் உதிரப்போக்கோடு வருபவளைச் சந்தேகித்து இழுத்தடிப்பது எந்தப் பெண் சிசுவையும் காக்காது. நான்காவது, வலியிலும் பயத்திலும் இருப்பவளால் தெளிவாக முடிவெடுக்க முடியுமா, குடும்பம் முடிவெடுக்கட்டுமே என்பது. குடும்பத்தின் துணை பெரும் ஆறுதல். அவள் விரும்பினால் அவர்களும் உடனிருக்கட்டும். ஆனால் சில நிமிடமாவது அவளைத் தனியே அமர வைத்துப் பேச வேண்டும். வீட்டில் வன்முறை இருந்தால் அது வெளிவரும் நேரமும் அதுதான். பயம் முடிவைக் கெடுக்கும் என்றால், பயத்தைக் குறைக்கும் வழி விளக்கிச் சொல்வதே. முடிவைப் பறிப்பது அல்ல.

மாணவர்களே, நாளை வெளிநோயாளர் பிரிவில் நீங்கள் அமரும்போது உங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவே. கர்ப்பம் எங்கே இருக்கிறது, எத்தனை வாரம், உயிரோட்டம் உண்டா என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள். காத்திருக்க முடிவு செய்தால் எதற்காக, எத்தனை மணி நேரம், எந்த அறிகுறி வந்தால் முடிவு மாறும் என்பதை நோயாளி குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதுங்கள். எழுத முடியாத காரணம், காரணமே அல்ல. இருக்கும் எல்லா வழிகளையும், உங்களுக்கு விருப்பமில்லாத வழியையும் சேர்த்து, அந்தப் பெண்ணிடம் அவளுக்குப் புரியும் தமிழில் சொல்லுங்கள். மருத்துவமனை நிர்வாகிகளே, சட்டம் கேட்காத கணவர் கையெழுத்தை உங்கள் ஒப்புதல் படிவத்திலிருந்து நீக்குங்கள். அதற்குப் புதிய சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடும் வேண்டாம். இந்த வாரமே செய்துவிடலாம்.